பவுடரா, லிக்விடா?

முதலில் ஒரு எச்சரிக்கை. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்கு ஜெல் சாம்பிள் கொண்டுபோகிறவர்கள், ஜெலேட்டர் (ஜெல்லாக இறுகவைக்கும் பொருள்) போடாத சாம்பிள் ஒன்றையும் கூடவே எடுத்துப்போங்கள். நான் எடுத்துப்போகவில்லை. ஓர் இரவு ரயிலும் ஒரு நாள் கட்டணமும் தண்டம்.

சாம்பிள் இதுதான்: தண்ணீரில் 15 சதவீதம் டிடிஏபி (DDAB), சோப்பு மாதிரி ஒரு பொருள். கலக்கினால் மூலக்கூறுகள் தாமாகவே ஈரடுக்குத் தாள்களாக அடுக்கிக்கொள்ளும். இதற்குப் பெயர் லாமெல்லர் திரவப் படிகம்: திரவம்போல நெகிழும், படிகம்போல ஒழுங்காக அடுக்கியிருக்கும். அதில் கொஞ்சம் 12-ஹைட்ராக்ஸி ஸ்டியரிக் அமிலம் போட்டு, 80 டிகிரிக்குச் சூடாக்கி ஆறவிட்டால் ஜெல். (இதுதான் ஜெலேட்டர். ஆமணக்கு எண்ணெயிலிருந்து எடுக்கிற அமிலம். சின்ன வயதில் பாட்டி மூக்கைப் பிடித்து ஊற்றிய எண்ணெய் இங்கேயும் என்னை விடவில்லை.) இதே ஜோடியை ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகக்காரர்கள் 2017-லேயே ஜெல்லாக்கிக் காட்டிவிட்டார்கள். அதைத் திரும்பச் செய்து பழகுவதுதான் எனக்குக் கொடுத்த வேலை.

குப்பியைக் கவிழ்த்தால் ஜெல் விழவில்லை. அது போதாது. உள்ளே அடுக்குகள் கெடாமல் இருக்கின்றனவா, அவற்றுக்கு நடுவே ஜெல்லின் இழைகள் ஓடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். அடுக்குகளுக்கு எக்ஸ்ரே போதும்: ஜெல் ஆனாலும் ஆகாவிட்டாலும் இடைவெளி ஏறக்குறைய 16 நானோமீட்டர். கண்ணாடிக் குழாயில் சூடாக இருக்கும்போதே நிரப்பி உடனே மூடிவிடுங்கள். ஆவி போனால் உங்கள் 15 சதவீதம் 15-ஆக இருக்காது. இழைகளோ எக்ஸ்ரேயில் பிடிபடவில்லை. அதற்கு உறையவைத்து உடைத்துப் பார்க்கும் முறைதான் வழி. அந்தக் கருவி வேறு ஊரில்.

அங்கே கவுன்டரில் சிக்கல். படிவத்தில் மூன்றே கட்டங்கள்: பவுடர், லிக்விட், ஃபிலிம்.

"பவுடரா, லிக்விடா?"

"ரெண்டும் இல்ல சார். திரவப் படிகம், அதுவும் ஜெல்லாக்கினது."

"ரெண்டும் இல்லாததுக்கு ரசீது போட முடியாதும்மா."

லிக்விட் என்று டிக் அடித்தேன். குப்பியைக் கவிழ்த்துப் பார்த்தவர், "ஒழுகலையே, தப்பா எழுதியிருக்கீங்க" என்று திருப்பிக் கொடுத்தார். மதியம் அந்த வழியாக வந்த டெக்னீஷியன் அண்ணன் பக்கத்தில் கையாலேயே ஒரு கட்டம் போட்டு 'பேஸ்ட்' என்று எழுதிக் கொடுத்தார். அதற்குள் என் நேரத்தில் பாதி போய்விட்டது.

மீதிப் பாதியில் அவசரம். செப்புத் தகடுகளுக்கு இடையே வைத்த சாம்பிளை நேராகத் திரவ நைட்ரஜனில் போட்டோம். மைனஸ் 196 டிகிரி என்று கேட்டால் போதும் போலத்தான் தோன்றும். ஆனால் அதைவிட எவ்வளவோ சூடான தகடு பட்டதும் நைட்ரஜன் கொதித்து, அந்த வாயுவே தகட்டைப் போர்வை மாதிரி மூடிக்கொள்ளும். குளிர்ச்சி மெதுவாகத்தான் இறங்கும். எனக்கு அன்று இது உறைக்கவில்லை. திரையில் நீள நீளமாக ஊசிகள் தெரிந்தன. ஜெல்லின் இழைகள் என்றே நினைத்து, இரவே கைடுக்குப் படம் அனுப்பினேன். பதில் ஒரே வரி: "கன்ட்ரோல் எங்கே?"

கன்ட்ரோல் என்றால் ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும், ஜெலேட்டர் போடாத அந்தச் சாம்பிள். இரண்டாவது பயணத்தில் அதை அதே மாதிரி உறையவைத்துப் பார்த்தோம். அதே ஊசிகள்! ஜெலேட்டர் துளிகூட இல்லாத சாம்பிளில். மெதுவாக உறைந்த தண்ணீர்தான் ஊசி ஊசியாக வளர்ந்திருக்கிறது. நான் கொண்டாடியது பனிக்கட்டியை.

அப்புறம் நைட்ரஜனில் குளிரவைத்த திரவப் புரோபேனுக்கு மாறினோம். அது லேசில் கொதிக்காது. சாம்பிள் சட்டென்று உறையும். உடைத்த பரப்பில் பிளாட்டினத்தைச் சாய்வாகப் படியவைத்து, மேலே கார்பன் பூசி, அடியில் இருக்கும் சாம்பிளைக் கழுவி எடுத்தால் கிடைப்பது பரப்பின் அச்சு மட்டும். அதைத்தான் மைக்ராஸ்கோப்பில் வைப்பார்கள். கழுவும்போது பொறுமை வேண்டும். ஐந்தில் மூன்றைக் கிழித்தேன்.

மிஞ்சிய இரண்டில் ஒன்று கன்ட்ரோல்: வெறும் படிக்கட்டு போன்ற அடுக்குகள். மற்றதில் அதே படிக்கட்டுகள், அவற்றை ஊடுருவிப் போகும் முறுக்கிய நாடாக்கள். இரண்டு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன்.

இந்த முறை கைடு "ம்" என்று மட்டும் பதில் போட்டார். அவரிடமிருந்து அது பெரிய விஷயம். ரசீதில் 'பேஸ்ட், 2' என்று இருக்கிறது. ப்ராஜெக்ட் பணத்தில் பேஸ்ட் எதற்கு வாங்கினீர்கள் என்று எங்கள் கணக்குப் பிரிவு விளக்கக் கடிதம் கேட்டிருக்கிறது.