ஆந்தையைப் பொந்துக்குள் உட்கார வைத்த கதை

முதல் ஆந்தையை ஒரே கட்டையில்தான் செதுக்கினேன். 60 மி.மீ. கனமுள்ள தேக்கு. மரப்பொந்துக்குள்ளிருந்து ஓர் ஆந்தை எட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. கணினி சொல்லும் பாதையில் மரத்தைச் செதுக்கும் சிஎன்சி எந்திரம் இரண்டு நாள் ஓடி முடிந்ததும் தூளை ஊதிவிட்டு மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தாள். "அப்பா, ஆந்தை உள்ளே இல்லையே. கிண்ணத்தில் வைத்ததுபோல் இருக்கிறது" என்றாள்.

அவள் சொன்னது சரி. பொந்து என்றால் வாய் குறுகி, உள்ளே அகன்றிருக்கும். வாயின் விளிம்புக்கு அடியில் இருட்டு தங்கும். என்னிடம் இருப்பது மூன்று அச்சு எந்திரம். மரத்தை வெட்டும் சுழல் முனையான பிட், மேலிருந்து நேராகத்தான் இறங்கும். வாயைத் தாண்டிப் பக்கவாட்டில் குடையாது. 50 மி.மீ. ஆழம் தோண்டியும் விளிம்புக்குக் கீழே ஒரு துளி நிழல் இல்லை. ஆழத்தைக் கண்ணுக்குச் சொல்வது அந்த நிழல்தான் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

அந்த 50 மி.மீ.யும் சுலபமாகக் கிடைக்கவில்லை. பொந்தின் சுவர் செங்குத்தாக இருந்ததால், பாதிக்கு மேல் இறங்கியதும் பிட்டைப் பிடித்திருக்கும் கோலெட் நட்டு சுவரில் உரசி மரம் கருகியது. நட்டைச் சுவரிலிருந்து விலக்கிவைக்க, பிட்டை இரு மடங்கு வெளியே நீட்டினேன். நீளம் இரு மடங்கானால் அதே விசைக்குப் பிட் எட்டு மடங்கு வளையும். சுவரெல்லாம் அதிர்வுத் தழும்பு. போதாக்குறைக்கு, ஆந்தையின் மார்பில் படிக்கட்டு போட்டதுபோல் வரிகள். அது படக்கோப்பின் கோளாறு. எங்கே எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும் என்பதைப் படத்தின் சாம்பல்நிற அளவைக் கொண்டுதான் எந்திரத்துக்குச் சொல்கிறேன். 8 பிட் (இது கணினிக் கணக்கின் பிட்) சாம்பல்நிறப் படத்தில் 256 நிலைகள்தான் உண்டு. 50 மி.மீ. ஆழத்தை அவற்றில் பங்கிட்டால் ஒரு படி ஏறத்தாழ 0.2 மி.மீ. வரும், சாய்ந்த வெளிச்சத்தில் அது அப்படியே தெரியும். 16 பிட் படத்துக்கு மாறினால் 65,536 நிலைகள் கிடைக்கும். அந்தத் தொல்லை அன்றோடு தீர்ந்தது.

இரண்டாவது ஆந்தைக்கு, தனித்தனியாகச் செதுக்கி அடுக்கி ஒட்ட, 18 மி.மீ. பலகைகள் நான்கு எடுத்தேன். மேல்பலகை மரப்பட்டையும் பொந்தின் வாயும். அடுத்தது உட்சுவர், வாயைவிட எல்லாப் பக்கமும் 15 மி.மீ. அகலமாக. மூன்றாவதில் ஆந்தையின் உடல். நான்காவது முதுகுப்பலகை. ஒவ்வொன்றும் ஆழம் குறைந்த வேலை. நீட்டிய பிட் தேவையில்லை, நட்டு உரசாது, அதிர்வு இல்லை.

கணினியில் உள்ள முப்பரிமாண மாதிரியைச் சம கனத்தில் அறுத்துத் தர மென்பொருள் தயாராக இருக்கிறது. அதை நம்பி விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. சமமாக அறுத்தால் ஒட்டுக்கோடு கன்னத்தின் நடுவிலோ இறக்கையின் வளைவிலோ வந்து விழும். வழவழப்பான பரப்பில் விழுந்த ஒட்டுக்கோட்டை எவ்வளவு தேய்த்தாலும் கண் கண்டுபிடித்துவிடும். உருவத்தில் எங்கே இயல்பாகவே ஒரு விளிம்பு இருக்கிறதோ அங்கேதான் பிரிக்க வேண்டும். ஆந்தைக்கு அந்த இடம் முகத்தைச் சுற்றியுள்ள இறகு வட்டம். முகத்தை மட்டும் தனித் துண்டாகச் செதுக்கி உடலின் மேல் ஒட்டினேன். இறகு வட்டத்தின் ஓரம் ஒட்டை முழுவதும் மறைத்துக்கொண்டது. முகம் இரண்டாவது பலகையின் உயரத்துக்கு எழும்பி, பொந்தின் நடுவில் தனியே நின்றது.

அதிக நேரம் எடுத்தது மேல்பலகைதான். முன்பக்கம் மரப்பட்டையைச் செதுக்கிய பிறகு பலகையைப் புரட்டி, பின்பக்கத்திலிருந்தும் வாயோரத்தை மெலிதாக்கினேன். விளிம்பு 4 மி.மீ. கனத்துக்கு வந்ததும்தான் அது பலகையின் ஓட்டை என்பது போய்ப் பட்டையின் ஓரம் என்று ஆனது. புரட்டும்போது இரு பக்கமும் பொருந்த வேண்டுமே? பலகையைப் புரட்டும் அச்சின் மேலேயே, வெட்டி எறியப்போகும் ஓரப்பகுதியில், இரண்டு 6 மி.மீ. துளைகளை எந்திரத்தைக் கொண்டே போட்டேன். துளைகள், எந்திர மேசையில் வேலைக்கு அடியில் கிடக்கும் அடிப்பலகைக்குள்ளும் இறங்கும். மரக்குச்சிகளைச் செருகிப் பலகையைப் புரட்டி வைத்தால், துளைகள் அச்சின் மேலேயே இருப்பதால், அதே இடத்தில் உட்காரும். பிட் மேலும் கீழும் நகரும் இசட் அச்சின் சுழியத்தை, முன்பக்கத்தைச் செதுக்கும்போது பலகையின் மேல்பரப்பிலும், புரட்டிய பிறகு அடிப்பலகையிலும் வைத்தேன். இரண்டும் ஒரே முன்பரப்பிலிருந்துதான் அளக்கும். பலகையின் கனம் அரை மி.மீ. கூடக்குறைய இருந்தாலும் இரு பக்கக் கணக்கும் பிசகாது.

முதலில் 6 மி.மீ. தட்டை முனைப் பிட்டால் கழித்தெடுத்துவிட்டு, இறுதி ஓட்டத்துக்கு 3 மி.மீ. உருண்டை முனைப் பிட்டைப் போட்டேன். வரிக்கு வரி 0.25 மி.மீ. இடைவெளி. அந்த இடைவெளியில் வரிகளுக்கு நடுவே எஞ்சும் மேடு சமதளத்தில் 0.005 மி.மீ.தான், உப்புத்தாளுக்கு வேலையே இல்லை. விலை நேரத்தில் கொடுக்க வேண்டும். 300க்கு 400 மி.மீ. பலகையில் 1,200 வரிகள், 480 மீட்டர் ஓட்டம். நிமிடத்துக்கு 1,500 மி.மீ. வேகத்தில் ஐந்தே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதுகுப்பலகைக்கு 0.6 மி.மீ. இடைவெளியே போதும் என்று விட்டேன். இருட்டுக்குள் இருக்கப்போகும் பரப்பு அது. அங்கே வரிகள் மரநார்போல் தெரிவதும் அழகுதான்.

ஒட்டும் நாளுக்கு முன் பலகைகளை மூன்று வாரம் பட்டறையிலேயே கிடத்தியிருந்தேன். ஈரப்பதம் நான்கிலும் ஏறக்குறைய ஒன்றாக வந்த பிறகே தொட்டேன். நார் ஓடும் திசையும் நான்கிலும் ஒன்றாக இருக்க வேண்டும். மரம் நாருக்குக் குறுக்கேதான் அதிகம் விரிந்து சுருங்கும். ஒரு பலகையைக் குறுக்கே திருப்பி ஒட்டினால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்து, ஒட்டு விடும் அல்லது பலகை வெடிக்கும். தேக்கில் எண்ணெய்ப் பசை வேறு. ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்தேன்.

இன்னொன்று. ஒட்டிய பிறகு பொந்தின் உட்புறத்துக்குத் துணியும் போகாது, தூரிகையும் போகாது. அதனால் உட்பரப்புகளுக்கு முன்பே எண்ணெய் பூசிவிட வேண்டும். ஒட்டும் இடங்களை மட்டும் டேப் போட்டு மறைத்துக்கொள்ளலாம். பசையையும் உள்விளிம்பிலிருந்து 3 மி.மீ. தள்ளியே தடவினேன். கிளாம்ப் இறுக்கும்போது பிதுங்கும் பசை உள்ளே வழிந்தால் எடுக்க வழியில்லை. பிறகு சிறிய உளியால் வாயோரத்தை மட்டும் கையால் திருத்தினேன். பிட் விட்டுப்போன ஒரே சீரான வளைவு மரப்பட்டைக்குப் பொருந்தவில்லை. பத்துப் பன்னிரண்டு இடங்களில் உளி பட்டதும் பட்டைக்கு உயிர் வந்தது.

மகள் டார்ச் விளக்கைக் கொண்டுவந்து மேலிருந்து பிடித்தாள். விளிம்பின் நிழல் ஆந்தையின் நெற்றியை மூடி ஒரு கண்ணை மட்டும் வெளியே விட்டது. விளக்கை இடப்புறம் நகர்த்தினாள். அந்தக் கண் மறைந்து மற்றொன்று வந்தது. பேட்டரி மங்கும் வரை அங்கேயே நின்றிருந்தாள். நான் அடுத்த பலகையில் விளிம்பை 3 மி.மீ.க்கு மெலிதாக்க முடியுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.