பெரிய இன்டேக் குழாய் போட்ட கதை: இசியு என்ன கற்றுக்கொண்டது

பத்து வருடம் ஓடிய என் பெட்ரோல் காருக்குப் பெரிய இன்டேக் குழாயும் (இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்) கூம்பு ஏர் ஃபில்டரும் போட்டு மூன்று வாரம் ஆகிறது. கேட்ட இடத்தில் எல்லாம் ஒரே பதில்தான் வந்தது: "மாட்டிட்டு பேட்டரி வயரை ஒரு தடவை கழட்டிப் போடு, இசியு தானா கத்துக்கும்." இசியு, அதாவது இன்ஜினை நடத்தும் கணினி, கற்றுக்கொண்டது உண்மைதான். ஆனால் எதைக் கற்றுக்கொண்டது என்று பார்த்தபோதுதான் எனக்கு வியர்த்தது.

நல்லவேளையாக, எதையும் கழற்றும் முன்பே இசியுவின் எண்களை போனில் காட்டும் ப்ளூடூத் ஓபிடி அடாப்டரைச் செருகி இரண்டு நாள் ஓட்டி எண்களைக் குறித்து வைத்திருந்தேன். லாங் டெர்ம் ஃப்யூல் ட்ரிம் +3 சதவீதம், ஷார்ட் டெர்ம் பூஜ்யத்தைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தது. வயதான இன்ஜினுக்கு இது ஆரோக்கியமான எண்தான். ட்ரிம் என்பதைப் புதிதாகக் கேட்பவர்களுக்கு: உள்ளே வரும் காற்றை மாஃப் சென்சார் அளக்கிறது, ஒரு கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று என்ற கணக்கில் இசியு இன்ஜெக்டரைத் திறக்கிறது, புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் கலவை சரியா என்று திருப்பிச் சொல்கிறது. அந்த சென்சாரின் வோல்ட் 0.45க்குக் கீழே போனால் லீன் (பெட்ரோல் குறைவு), மேலே போனால் ரிச் (பெட்ரோல் அதிகம்). அதைப் பார்த்து அந்த நொடியே கூட்டிக் குறைப்பது ஷார்ட் டெர்ம். ஒரே பக்கமாகத் திருத்தம் தேவைப்பட்டுக்கொண்டே இருந்தால் அதை நினைவகத்தில் எழுதி வைத்துக்கொள்வது லாங் டெர்ம்.

சரி, மாட்டிய அன்று. பேட்டரியைக் கழற்றி மாட்டியதில் +3 அழிந்து பூஜ்யம் ஆகிவிட்டது, கூடவே ஐடிலில், அதாவது மிதிக்காமல் நின்று ஓடும்போது, கற்று வைத்திருந்ததும் போயிற்று. சிக்னலில் நின்றால் ஆர்பிஎம் 500க்கும் 1,100க்கும் நடுவே ஊஞ்சலாடியது. இன்ஜின் சூடானதும் காலியான ரோட்டில் ஒரு முறை முழுசாக மிதித்தேன். இழுக்க வேண்டிய இடத்தில் ஒரு தயக்கம். திரையைப் பார்த்தால் ஆக்சிஜன் சென்சார் 0.2 வோல்ட். முழு த்ராட்டிலில் அது 0.85க்கு மேல் நிற்க வேண்டும், ஏனென்றால் அந்த நேரத்தில் இசியு வேண்டுமென்றே பெட்ரோலைக் கூட்டி, 14.7க்குப் பதில் 12.5 பக்கம் வைத்து இன்ஜினைக் குளிர்விக்கும். சட்டென்று காலை எடுத்துவிட்டேன்.

இங்கேதான் "தானா கத்துக்கும்" என்பதில் பெரிய ஓட்டை. முழுசாக மிதிக்கும்போது இசியு ஆக்சிஜன் சென்சார் பேச்சைக் கேட்பதில்லை, அட்டவணையில் உள்ளதை அப்படியே ஊற்றும். நிதானமாக ஓட்டும்போது கற்ற லாங் டெர்ம் மட்டும் சில கார்களில் அங்கேயும் கூட வரும். அதைத்தான் நான் பேட்டரியைக் கழற்றி அழித்து வைத்திருந்தேன். பாடப் புத்தகத்தைக் கிழித்துவிட்டுப் பரீட்சைக்கு அனுப்பிய மாதிரி.

அடுத்த மூன்று நாள் மிதிக்காமல் ஓட்டினேன். லாங் டெர்ம் +8, +13, +17 என்று ஏறியது. நான்காம் நாள் மறுபடி மிதித்துப் பார்த்தேன்: 0.87 வோல்ட், கார் முன்பைவிடத் துள்ளலாகவே இருந்தது. ஆகா, வேலை முடிந்தது என்று இரண்டு பேருக்கு போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன். ஆறாம் நாள் +21ஐத் தொட்டதும் செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. கோடு பி0171, அதாவது கலவை லீன். திருத்துவதற்கும் ஒரு எல்லை உண்டு, அது ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் கொஞ்சம் மாறும். எல்லை தாண்டினால் இசியு கையை விரித்துவிடும்.

முதலில் காற்றுக் கசிவு என்றுதான் நினைத்தேன். ஆனால் மாஃபுக்குப் பின்னால் கசிந்தால் ஐடிலில் ட்ரிம் எகிறி, ஆர்பிஎம் கூடக்கூட இறங்க வேண்டும். ஐடிலில் இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம்தான், அதில் கசிவின் பங்கு பெரிதாகத் தெரியும். எனக்கு ஐடிலிலும் 21, 3,000 ஆர்பிஎம்மிலும் 20. எல்லா இடத்திலும் ஒரே விகிதத்தில் தப்பு என்றால் அளவுகோலே தப்பு.

வெர்னியரை எடுத்து மாஃப் உட்காரும் இடத்தை அளந்தேன். பழைய குழாயின் உள்விட்டம் 70 மில்லிமீட்டர், புதியது 76. ஆறு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும், ஆனால் பரப்பளவு விட்டத்தின் வர்க்கமாக ஏறுவதால் 18 சதவீதம் கூடிவிட்டது. மாஃப் மொத்தக் காற்றையும் பிடித்து அளப்பதில்லை, சூடான கம்பியை உரசிப் போகும் கொஞ்சக் காற்றை வைத்து மீதியை ஊகிக்கிறது. குழாய் அகலமானால் அதே காற்று மெதுவாகப் போகும், கம்பி குறைவாகக் குளிரும், 100 கிராம் வந்தால் 85 என்று சொல்லும். அந்த 18 சதவீதத்தோடு பழைய +3ஐயும் சேர்த்துப் பெருக்கினால் (1.18 × 1.03) ஏறத்தாழ 21. காகிதத்தில் அந்த எண் வந்தபோது விளக்கு எரிந்த எரிச்சலே மறந்துவிட்டது.

ஆனால் அப்புறம் பதிவு செய்த எண்களை நிதானமாகப் பார்த்தபோதுதான் உண்மையான வில்லன் தெரிந்தது. ட்ரிம் பெட்ரோலை மட்டும்தான் திருத்துகிறது. காற்று 85 என்ற பொய் அப்படியே இருக்கிறது, இக்னிஷன் டைமிங்கும், அதாவது தீப்பொறி விடும் நேரமும், அதே பொய்யை நம்பித்தான் தேர்வாகிறது. முன்பு முழு த்ராட்டிலில் லோடு (காற்றின் அளவை வைத்து இசியு கணிக்கும் இன்ஜின் சுமை) 93 காட்டிய இடத்தில் இப்போது 79. லோடு குறைவு என்று நினைத்து இசியு டைமிங்கை 24 டிகிரியிலிருந்து 28க்கு முன்னே தள்ளியிருக்கிறது. நான் உணர்ந்த துள்ளல் அதுதான்! மறு நொடியே கலவை கட்டுப்பாடில்லாமல் வெடித்துத் தட்டும் சத்தத்தை நாக் சென்சார் கேட்டு, இசியு டைமிங்கை 21 டிகிரிக்கு இழுத்திருக்கிறது. நான் போன் போட்டுப் பீற்றிக்கொண்டிருந்த நேரத்தில் இன்ஜின் உள்ளே தட்டு வாங்கிக்கொண்டிருந்தது.

நண்பன் காரிலும் இதே மாதிரி குழாய்தான், அவனுக்கு ட்ரிம் அசையவே இல்லை. அவனுடையது மாஃப் இல்லாத வண்டி, இன்ஜினுக்குள் காற்றைப் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டின் அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணக்கிடும் வகை. குழாய் அகலம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை, ஆனால் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டை மாற்றினால் கணக்கு கலைந்துவிடும். நான் போன வருடம் சைலன்சர் மாற்றியபோதும் ட்ரிம்மில் ஒன்றும் தெரியவில்லை. சத்தம் மட்டும்தான் மாறியது.

தீர்வு சாதாரணம்தான். மாஃபுக்கு மட்டும் 70 மில்லிமீட்டர் துண்டு ஒன்றைக் கடைந்து வாங்கி, வளைவிலிருந்து தள்ளி, முன்னால் நேர்க்குழாய் இருக்கும்படி பொருத்தினேன். வளைவை ஒட்டி வைத்தால் காற்று சுழன்று வரும், எண் நடுங்கும். ஃபில்டரில் எண்ணெயை அளவாகத் தடவவும் கற்றுக்கொண்டேன், வழிந்தால் அது நேரே மாஃப் கம்பியில்தான் படியும். இந்த முறை பேட்டரியைத் தொடவில்லை. மூன்று நாளில் லாங் டெர்ம் தானாக +4க்கு இறங்கியது, லோடு 94, டைமிங் 24இல் ஆடாமல் நிற்கிறது.

வேகம் கூடியதா என்றால், என் காலுக்குத் தெரியவில்லை. உறிஞ்சும் சத்தம் மட்டும் அருமை. அலமாரியில் ஒரு எக்ஸாஸ்ட் ஹெடர் (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் முதல் குழாய்த் தொகுதி) காத்திருக்கிறது, கலவை விகிதத்தைத் துல்லியமாகக் காட்டும் வைட்பேண்ட் சென்சார் கைக்கு வரும்வரை அதன் பெட்டியைப் பிரிக்கப் போவதில்லை.