வெளுத்துப்போன நிக்கல்

பாக்டீரியாவில் உருவாக்கிய என் புரதத்தைப் பிரித்தெடுக்கக் குழாயில் நிரப்பிய நிக்கல் ரெசின் (நிக்கலைப் பிடித்துவைத்திருக்கும் நுண்மணிகள்) அழகான இளநீலம். பாக்டீரியாக்களை உடைத்து, சுழற்றித் தெளியவைத்த கரைசலை அதன்மேல் விட்டேன். சற்று நேரத்தில் மேலே ஒரு வெள்ளைப் பட்டை தோன்றி, மெல்லக் கீழே இறங்கியது. புரதம் ஒட்டுகிறது என்று மகிழ்ந்தேன். புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால், புரதம் முழுவதும் ஒட்டாமல் வழிந்த கரைசலில் கிடந்தது.

புரதத்தைச் சிதைக்கும் நொதிகளைத் தடுக்க நான் போட்ட மாத்திரைதான் காரணம். அதில் உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும் ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் இருந்தது. நிக்கலின் ஆறு பிணைப்பிடங்களில் நான்கை ரெசினில் உள்ள என்டிஏ என்ற மூலக்கூறு பிடித்திருக்கும். மீதி இரண்டில்தான் என் புரதத்தின் வாலிலுள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலங்கள் வந்து அமர வேண்டும். ஈடிடிஏவோ ஆறையும் பற்றி, நிக்கலையே கழற்றிக்கொண்டு போய்விடும். அதே மாத்திரை ஈடிடிஏ இல்லாமலும் கிடைக்கிறது, அட்டையைப் படித்திருக்கலாம்.

நல்ல வேளை, வழிந்ததைக் கொட்டவில்லை. சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் சவ்வுப் பையில் வைத்து இரவு முழுக்க டயாலிசிஸ் செய்து ஈடிடிஏவை வெளியேற்றினேன். ரெசினில் எஞ்சிய நிக்கலையும் நீக்கி, தண்ணீரில் நன்றாகக் கழுவி, கையுறையோடு நிக்கல் சல்பேட் விட்டதும் நீலம் திரும்பியது.

இம்முறை புரதம் ஒட்டியது, கூடவே பாக்டீரியாவின் சொந்தப் புரதங்களும். ஹிஸ்டிடினைப் போலவே நிக்கலில் ஒட்டிப் புரதங்களை இடம்பெயர்க்கும் இமிடசோலில், 20 மில்லிமோலார் செறிவில் கழுவியது போதவில்லை. 40க்கு உயர்த்திய பிறகே பெரும்பாலானவை நகர்ந்தன. 250இல் என் புரதத்தை இறக்கினேன்.

புரதம் எவ்வளவு என்று அறிய, அது 280 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சுவதை அளந்தபோது எண்ணைப் பார்த்துத் துள்ளிக் குதிக்காத குறை. பிறகுதான் உறைத்தது: வெறும் தண்ணீரை வைத்துப் பூஜ்யமாக்கியிருந்தேன். இமிடசோலும் அங்கே ஒளியை உறிஞ்சும். இறக்கப் பயன்படுத்திய பஃபர் கரைசலையே வைத்து மறுபடி அளந்ததும் எண் பாதிக்கும் கீழே விழுந்தது. பெருமை போனது, கணக்கு சரியானது.

ஜெல்லில் 60 கிலோடால்டனில் (புரத எடையின் அலகு) என் பட்டை தடிமனாகத் தெரிந்தது. 25 அருகே மட்டும் ஒரு மெல்லிய கோடு, நான் பயன்படுத்திய பாக்டீரியாவான ஈ. கோலையின் ஸ்லைடி என்ற புரதமாக இருக்கும் என்று கணித்தேன். இயல்பாகவே ஹிஸ்டிடின் நிறைந்தது என்பதால் அது எத்தனை கழுவினாலும் விடாது. அளவுவாரியாகப் பிரிக்கும் இன்னொரு குழாயில் ஏற்றித்தான் அதைக் கழற்றிவிட்டேன்.