கார் என்ஜினுக்குள் எலி: கோலமாவு காட்டிக்கொடுத்த பாதை

சென்ற ஆண்டு கார்த்திகையில், நான்கு நாள் விடாமல் பெய்த மழை ஓய்ந்த ஒரு காலையில், அம்மாவைக் கண் பரிசோதனைக்கு எழும்பூருக்கு அழைத்துச் செல்வதற்காகக் காரைக் கிளப்பினேன். என்ஜின் உடனே ஓடத் தொடங்கியது; ஆனால் வண்டி முழுவதும் அதிர்ந்தது, டேஷ்போர்டில் என்ஜின் விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டே இருந்தது, ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் இழுவை இல்லை. ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போய்த் திரும்பிய பிறகுதான் பானெட்டைத் திறந்து பார்க்க முடிந்தது. பேட்டரியின் மேல் எலிப் புழுக்கைகள் சிதறிக் கிடந்தன. அதன் பக்கத்தில் பாதி தின்ற பரோட்டாத் துண்டும், நன்றாகச் சுத்தம் செய்யப்பட்ட ஒரு மீன் முள்ளும் இருந்தன. பானெட்டின் உட்புறத்தில் ஒட்டியிருந்த பஞ்சு விரிப்பைக் கிழித்து, என்ஜினுக்கும் பின்சுவருக்கும் இடையே கூடு கட்டும் வேலை தொடங்கியிருந்தது. என்ஜினுக்குள் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்குப் போகும் இரண்டு வயர்களில் ஒன்று அறுந்து தொங்கியது. மற்றொன்றில் மேலுறை மட்டும் சீவப்பட்டு, உள்ளேயிருந்த செம்புக் கம்பி பளிச்சென்று தெரிந்தது.

எங்கள் வீடு தண்டையார்பேட்டையில், கார் ஒன்று நின்றால் மற்றொரு கார் கடக்கச் சிரமப்படும் அகலமுள்ள ஒரு சந்தில் இருக்கிறது. காரை எதிர்ப்பக்க மதிலை ஒட்டித்தான் நிறுத்துவேன். மதிலின் கீழே மழைநீர் வடிகால் ஓடுகிறது; அதன் மூடிகளில் ஒன்று மூலையில் உடைந்து, கை நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது. கிழக்கே காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம், மேற்கே பக்கிங்காம் கால்வாய் என்று அமைந்த எங்கள் பகுதியில் எலிக்கு இரையும் வளையும் எந்தக் காலத்திலும் குறைந்ததில்லை. பருவமழையில் வளைகளிலும் வடிகாலிலும் தண்ணீர் ஏறும்போது அவை மேலே வந்தாக வேண்டும். அப்படி வருபவற்றுக்கு, நான்கு நாள் அசையாமல் நின்ற ஒரு காரின் என்ஜின் அறையைவிட இருட்டான, நனையாத, மறைவான இடம் அந்தச் சந்தில் வேறு இல்லை.

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, தெருமுனையில் இருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியனை அழைத்து வந்தேன். அவர் வயரைத் தொடுவதற்கு முன்பே, "இன்சூரன்ஸ் கேக்கப் போறீங்களா சார்? கேக்கறதா இருந்தா நான் கை வைக்கக் கூடாது, சர்வேயர் பாக்கணும்" என்றார். அந்த ஒரு கேள்வி எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இதில் எதுவும் கிடைக்காது. எனக்குச் சொந்தச் சேதத்துக்கும் சேர்ந்த முழுக் காப்பீடு இருந்தது. ஆயினும் அன்று மாலை உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான்கு ஆண்டுகள் எந்தக் கிளைமும் கேட்காததால், சொந்தச் சேதப் பிரீமியத்தில் 45 சதவீதத் தள்ளுபடி எனக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டு அது உச்ச அளவான 50 சதவீதத்தைத் தொடும். ஒரு கிளைம் கேட்டால் அது பூஜ்யத்துக்கு இறங்கி, மறுபடியும் 20, 25, 35 என்று படியேற வேண்டும். தள்ளுபடிக்கு முன் என் பிரீமியம் ஏறத்தாழ 9,000 ரூபாய் என்பதால், அடுத்த ஓராண்டில் மட்டுமே 4,500 ரூபாய் இழப்பு. அது தவிர, 1,500 சிசி வரையுள்ள கார்களுக்கு ஒவ்வொரு கிளைமிலும் 1,000 ரூபாயை நாமே ஏற்க வேண்டும். எலக்ட்ரீஷியன் கேட்டதோ 3,200 ரூபாய். அவரையே செய்யச் சொன்னேன். வயர்களின் மொத்தத் தொகுப்பான வயரிங் ஹார்னஸ் முழுவதையும் மாற்ற வேண்டிய நிலை வந்திருந்தால் என் முடிவு வேறாக இருந்திருக்கும். ஆகவே கடிபட்ட இடத்தைப் படம் எடுத்து, சேதத்தின் அளவை அறிந்துகொண்ட பிறகே இதைத் தீர்மானிப்பது நல்லது.

அவர் அறுந்த வயரை முறுக்கி டேப் சுற்றும் வேலையைச் செய்யவில்லை. புதிய வயர்த் துண்டு சேர்த்து, ஈயம் வைத்துப் பற்றவைத்து, அதன்மேல் சூட்டில் சுருங்கும் குழாயை ஏற்றி, பிறகுதான் நெளிகுழாய்க்குள் அடக்கினார்.

வேலை தொடங்கும் முன் சுத்தம் செய்யும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். எலியின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் பரவும் என்பதாலும், மழைக்காலத்தில் அந்த அபாயம் கூடுதல் என்பதாலும், காய்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் தட்டிப் பெருக்கவில்லை. கையுறையும் முகக்கவசமும் அணிந்து, கிருமிநாசினி கலந்த நீரில் நனைத்த துணியால் முதலில் ஈரமாக்கி, பிறகு துடைத்தெடுத்து, துணியோடு கட்டிக் குப்பையில் சேர்த்தேன். ஓர் எலி விட்டுச் சென்ற வாடை மற்றோர் எலிக்கு அழைப்பு என்பதால், கண்ணில் படாத மூலைகளையும் விடாமல் துடைத்தேன்.

ஆறே நாளில் மறுபடியும் புழுக்கை. அதிலிருந்து ஏறத்தாழ ஒரு மாதம், கேட்டதையெல்லாம் செய்து பார்த்தேன். டாக்சி ஓட்டும் ஒருவர் சொன்னபடி புகையிலையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டேன். மூன்று நாள் அமைதியாக இருந்தது. எலி புதிய பொருள் எதைக் கண்டாலும் சில நாள் விலகி நிற்கும் இயல்புடையது என்பதைப் பிறகு அறிந்தபோது, அந்த மூன்று நாளுக்குக் காரணம் புகையிலை அல்ல என்று புரிந்தது. பாச்சை உருண்டை போட்டதை இப்போதும் வருத்தத்தோடு நினைக்கிறேன். அதன் நெடி ஏசி வழியாகக் காருக்குள் வந்தது. பின்சீட்டில் தங்கையின் கைக்குழந்தை இருந்தது. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு, பாச்சை உருண்டையிலுள்ள நாப்தலினின் நெடி இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. அன்றே எல்லாவற்றையும் எடுத்தெறிந்தேன். யாரும் இதைக் காருக்குள் போடவேண்டாம். காதுக்குக் கேட்காத ஒலியால் எலியை விரட்டும் என்று விற்கப்படும் மீயொலிக் கருவி வாங்கப் போன நேரத்தில், அமெரிக்காவின் வணிக ஆணையம் 2001-ஆம் ஆண்டிலேயே இத்தகைய கருவிகளைச் செய்வோரும் விற்போருமான 60-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, விளம்பரத்தில் சொல்வதற்கு அறிவியல் ஆதாரம் வேண்டும் என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியதைப் படித்தேன், வாங்கவில்லை. எலி மருந்து வைப்பதற்கு வீட்டில் யாருமே சம்மதிக்கவில்லை. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை மனிதர்களின் கல்லீரலை அழித்து உயிர் பறிப்பது. தெருவில் பூனையும் நாயும் குழந்தைகளும் நடமாடுகிறார்கள். போதாதற்கு, மருந்து தின்ற எலி என்ஜினுக்குள்ளேயே எட்டாத மூலையில் செத்துவிடவும் கூடும்.

வயரில் அப்படி என்ன சுவை இருக்கிறது என்று பலரும் கேட்டார்கள். எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. பல்லின் முன்பக்கம் கடினம், பின்பக்கம் அதைவிட மென்மை. ஆகவே கொறிக்கக் கொறிக்க அது உளி போலத் தீட்டப்படுகிறது. சோயா எண்ணெயிலிருந்து செய்யப்படும் வயர் உறையே எலியை இழுக்கிறது என்று அமெரிக்காவில் கார் நிறுவனங்கள் மீது வழக்குகளும் நடந்தன. என் எலக்ட்ரீஷியன் இதை ஏற்கவில்லை. இருபது வருடத்துக்கு முந்தைய வண்டிகளிலும் இதே கடியைப் பார்த்திருப்பதாகச் சொன்னார். எனக்கும் அவர் சொல்வதே சரியாகப் படுகிறது. எலி உள்ளே வந்தது வயருக்காக அல்ல, இடத்துக்காக. வந்த இடத்தில் வயர் இருந்தது.

இந்த எண்ணம் வந்த பிறகுதான், என்ஜினை விட்டுவிட்டுத் தரையைப் பார்க்கத் தொடங்கினேன். அதற்கு வழி சொன்னவர் அம்மா. "ராத்திரி வண்டிக்கடியில கோலமாவைத் தூவிட்டுப் படுடா, காலையில தெரிஞ்சிடும்" என்றார். அரிசி மாவாக இருந்தால் அதுவே இரையாகிவிடும் என்பதால், கல்மாவையே சலித்து, நான்கு டயர்களைச் சுற்றியும் மதிலோரமாகவும் மெல்லிதாகத் தூவினேன். விடியற்காலை டார்ச் அடித்துப் பார்த்தபோது எல்லாம் அச்சடித்ததுபோல் கிடந்தது: முன்காலுக்கு நான்கு விரல், பின்காலுக்கு ஐந்து விரல், நடுவே வால் இழுத்த மெல்லிய கோடு. தடம் உடைந்த வடிகால் மூடியில் தொடங்கி, மதிலை விட்டு அரை அடிகூட விலகாமல் வந்து, மதிலுக்கு அருகிலிருந்த இடது முன்டயரில் முடிந்தது. மற்ற மூன்று டயர்களின் அருகே ஒரு தடமும் இல்லை. மூன்று இரவுகள் தொடர்ந்து தூவினேன். மூன்று நாளும் அதே பாதைதான். டயரின் மேலேறி, சக்கரத்துக்கு மேலுள்ள பிளாஸ்டிக் மறைப்பின் விளிம்பில் இருந்த இடைவெளி வழியாக அவை உள்ளே போயிருக்கின்றன.

அதன் பிறகு செய்தவற்றில் குழப்பம் இருக்கவில்லை. மாநகராட்சியின் 1913 எண்ணில் வடிகால் மூடியைப் பற்றிப் பதிவு செய்தேன். பத்து நாளில் வந்து மாற்றினார்கள். காரை மதிலிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நிறுத்தத் தொடங்கினேன். சந்து குறுகல் என்பதால், பால் வண்டிக்காரரிடமும் எதிர்வீட்டாரிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். வெளியே போகும் வேலை இல்லாவிட்டாலும் இரண்டு நாளுக்கு ஒருமுறை வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வருவதை வழக்கமாக்கினேன். பாரிமுனைப் பக்கம் போய்க் கால் அங்குலக் கண்ணுள்ள துத்தநாகப் பூச்சுக் கம்பிவலை வாங்கி வந்தேன். பெரிய எலி நுழைய அரை அங்குல ஓட்டை போதும், சுண்டெலிக்கு அதில் பாதியே போதும் என்பதால், இதைவிடப் பெரிய கண்ணுள்ள வலையில் பயனில்லை. அதை வெட்டி, சக்கர மறைப்பின் இடைவெளியிலும் என்ஜினுக்கு அடியிலுள்ள திறப்பிலும் மெக்கானிக் பொருத்தினார். பெல்ட், விசிறி, சைலன்சர் குழாய் ஆகியவற்றின் அருகே வலை போகக்கூடாது என்பதிலும், ரேடியேட்டருக்குக் காற்று தடைபடக்கூடாது என்பதிலும் அவர் கண்டிப்பாக இருந்தார். இன்ஜெக்டர் வயர்களுக்கு மட்டும் மிளகாயின் காரச்சத்து சேர்த்த டேப் சுற்றினேன்; ஹோண்டா நிறுவனமே இத்தகைய டேப்பை விற்கிறது.

கடினமாக இருந்தது எதிர்வீட்டு அம்மாவிடம் பேசுவதுதான். அவர் பல வருடங்களாக மதில்மேல் காக்கைக்குச் சோறு வைப்பவர். மீன் கழுவிய நாட்களில் தலையையும் செதிலையும் பூனைகளுக்காக மதிலடியில் போடுவார். கணவர் இறந்ததிலிருந்து அந்தச் சோறு அவருக்கு வெறும் வழக்கம் அல்ல என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். "நிறுத்தச் சொல்லலம்மா, மாடியில காலையில வெச்சீங்கன்னா காக்காவே தின்னுட்டுப் போயிடும், ராத்திரிக்கு மிச்சம் இருக்காது" என்றேன். கோலமாவில் பதிந்த தடத்தைக் கைப்பேசியில் காட்டினேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, "அப்போ நான் வெச்சத அதுங்கதான் தின்னுச்சா?" என்று கேட்டார். மறுநாளே சோறு மாடிக்குப் போனது. பூனைகளுக்கும் ஒரு தட்டு வைத்து, அவை தின்று முடித்ததும் கழுவி எடுத்துவிடுகிறார்.

மதிலோரம் கருவாடு வைத்த கூண்டில் அந்த மாதம் இரண்டு பெருச்சாளிகளும் ஒரு மூஞ்சூறும் விழுந்தன. மூஞ்சூறைத் திறந்து விட்டுவிட்டேன். அது பூச்சி தின்பது, எலி இனத்தைச் சேர்ந்ததே அல்ல, வயரைக் கடிக்காது.

இந்த ஐப்பசி மழைக்கு முன்பாக வலைகளைக் கழற்றிப் பார்த்ததில், இடது பக்கத்தில் மட்டும் ஒரு முனை துருப்பிடித்துத் தளர்ந்திருந்தது; அதைத் துருப்பிடிக்காத எஃகு வலையாக மாற்றினோம். ஏசியின் காற்று வடிகட்டியையும் வெளியே எடுத்துப் பார்த்தோம். சென்ற ஆண்டுக் கடியின் மிச்சமாக அதன் ஒரு மூலை கொறிக்கப்பட்டிருந்தது, புதிதாக எதுவும் இல்லை. முதல் மழை விட்ட இரவு மறுபடியும் கோலமாவு தூவினேன். காலையில் மதிலோரமாக ஒரே ஒரு தடம் இருந்தது. காருக்கு நேரே வந்தும் திரும்பாமல், நேராகத் தெருமுனைக் குப்பைத்தொட்டிப் பக்கம் போயிருந்தது.