வழுக்கையாற்று வண்டல்

ஈயம், கட்மியம் போன்ற பார உலோகங்கள் எவ்வளவு என்று அளக்க மண் எடுக்கப் போகிறேன் என்றால், "ஆற்று மண்ணில் ஈயம் எவ்வளவு?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். எந்த இடத்து மண் என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. உலோகங்கள் மணலில் அதிகம் தங்குவதில்லை. களியிலும் மக்கிப்போன இலைதழையிலும்தான் ஒட்டிக்கொள்ளும். வெள்ளம் ஓடிய இடத்தில் மணலும், தேங்கி நின்ற இடத்தில் களியும் படிவதால், ஒரே வயலுக்குள்ளேயே அளவு பல மடங்கு மாறும்.

யாழ்ப்பாணத்து வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடுகிற ஆறு. அளவெட்டி, கந்தரோடைப் பக்கத்து வெள்ளத்தைச் சேர்த்துக்கொண்டு அராலியில் கடல்நீரேரியில் விழும். தை பிறந்து தண்ணீர் வற்றத் தொடங்கியதும் மாதிரி எடுக்க இறங்குவோம். பிளாஸ்ரிக் அகப்பைதான் கொண்டுபோவோம். நாகம் (துத்தநாகம்) பூசிய மண்வெட்டி பட்டால் நாகத்தின் அளவை நம்ப முடியாது.

அராலிப் பக்கம் ஒரு கமக்கார ஐயா வரம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, உதிலை எடுத்து என்ன பிரியோசனம்? வெள்ளம் நிண்டு வத்துறது அங்கால, பள்ளத்துக்குள்ளை."

அவர் காட்டிய பள்ளத்தில் களி நகத்தளவு தடிப்பில் வெடித்து, ஓரம் சுருண்டு கிடந்தது. கடைசி வெள்ளம் விட்டுப்போன படிவு அது. பிறகு ஆய்வுகூடத்தில், மணலைக் கழிக்க 63 மைக்ரோன் (0.063 மில்லிமீற்றர்) கண்ணுள்ள அரிதட்டில் அரித்து, மூன்று பங்கு ஐதரோகுளோரிக் அமிலமும் ஒரு பங்கு நைத்திரிக் அமிலமும் சேர்ந்த அரச நீரில் கரைத்துத்தான் அளப்போம்.

மேட்டுச் செம்மண் தோட்டங்களிலிருந்து என்னென்ன வரலாம் என்பது ஊகிக்கக் கூடியதே. பொஸ்பேற்றுப் பசளையோடு கொஞ்சம் கட்மியம் வரும். முந்திரிகை (திராட்சை)ப் பந்தலுக்கு அடிக்கிற போர்டோக் கலவையில் செம்பு இருக்கிறது. ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் 2002இல் நின்றது. ஆனால் அதற்கு முன் தெருவோரத்தில் படிந்த ஈயம் லேசில் மண்ணை விட்டுப் போகாது.

எங்கள் சுண்ணாம்பு மண் ஈயத்தையும் கட்மியத்தையும் இறுக்கிப் பிடித்துவைக்கும். இது எங்களுக்கு வாய்த்த நல்ல காலம். ஆனால் அராலியில் உப்புத்தண்ணீர் ஏறுகிற இடத்தில் நான் அதை நம்புவதில்லை. உப்பிலுள்ள குளோரைட்டு கட்மியத்தோடு சேர்ந்து அதைக் களியிலிருந்து கழற்றித் தண்ணீருக்குள் விட்டுவிடும். அங்கே மண்ணிலுள்ள உலோகத்தின் மொத்த அளவு குறைவாக வந்தாலும், மண்ணிடுக்கில் நிற்கிற தண்ணீரையும் அளக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்பது இதனால்தான்.

போகும்போது ஐயா கேட்டார்: "உந்த வண்டலைத் தோட்டத்துக்குப் போடலாமோ?"

வண்டல் நல்ல உரம்தான். ஆனால் முடிவு வரும்வரை கீரைப் பாத்திக்கு மட்டும் வேண்டாம் என்றேன். காய்களைவிடக் கீரை இலைகளில்தான் கட்மியம் கூடுதலாகச் சேரும்.