கோலம் இடம் மாறிய வாசல்

எங்கள் கலைக்கூடம் காஞ்சிபுரத்தில் ஒரு பழைய வீட்டில் நடக்கிறது. தெருவிலிருந்து 5 படி ஏறினால் திண்ணை. அதைத் தாண்டினால் 4 அங்குல உயரத்துக்கு நிலைப்படி, அப்புறம் ரேழி, முற்றம். வெள்ளிக்கிழமை தோறும் நிலைப்படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்போம். வருகிறவர்கள் அங்கே நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் போக மாட்டார்கள். பொறுப்பாளராக 6 வருடம் வேலை பார்த்த பிறகுதான், அந்தப் படிகளைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனவர்களும் இருப்பார்களே என்று எனக்கு உறைத்தது.

உறைக்க வைத்தவர் கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண். பறையாட்டம் பார்க்க ஆட்டோவில் வந்து இறங்கி, மடக்கு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தார். எங்கள் பையன்கள் இரண்டு பேர் ஓடிப்போய் நாற்காலியோடு அவரைத் தூக்கினார்கள். மூன்றாவது படியில் ஒருவனுக்குக் கால் தடுமாறி, முன்சக்கரம் கல்லில் இடித்தது. நிகழ்ச்சி முடிந்ததும் அவர் என்னைக் கூப்பிட்டார். "அக்கா, ஆட்டம் நல்லா இருந்துச்சு. ஆனா பாதி நேரம், திரும்ப எப்படிக் கீழ இறங்கப் போறேன்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். அடுத்த தடவை தொடறதுக்கு முன்னாடி என்னைக் கேக்கச் சொல்லுங்க. இந்த நாற்காலியும் என் உடம்பு மாதிரிதான்."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த மாதமே மேஸ்திரியைக் கூப்பிட்டுச் சாய்தளம் கட்டினோம். 8 அடி நீளம், பளபளவென்று டைல்ஸ். அவரைத்தான் முதலில் அழைத்துக் காட்டினேன். கீழே நின்றபடியே அண்ணாந்து பார்த்தார். "இதுல நான் ஏறினா பின்பக்கமா கவுந்துருவேன்க்கா" என்றார். கணக்கையும் அவரேதான் சொல்லிக்கொடுத்தார். ஒரு அங்குலம் உயர 12 அங்குலம் ஓட வேண்டும். எங்கள் 5 படியும் சேர்த்து 30 அங்குல உயரம். அப்படியென்றால் சரிவு மட்டுமே 30 அடி. நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு சமதளமும் வேண்டும். மேஸ்திரியைக் கேட்டதற்கு, "நீளம் எவ்வளவுன்னு யாரும் சொல்லலையேம்மா, இருக்கிற இடத்துக்குக் கட்டினேன்" என்றார். அவர் மேல் தப்பில்லை. யாருக்காகக் கட்டுகிறோமோ அவரை ஒரு வார்த்தை கேட்காமல் வேலையை ஆரம்பித்தது நான். அந்த மழைக்காலத்தில் ஒரு பெரியம்மா அதே டைல்ஸில் சறுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கியது. மறுநாளே இடித்துவிட்டோம்.

தெருவில் 30 அடிக்கு எங்கே போவது? பக்கத்துச் சந்து எங்களுக்குச் சொந்தம். அதில் நீளமாக எழுப்பி, அடுக்களைப் பக்கக் கதவில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். சிமெண்ட் ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்துவிட்டதால் மழையிலும் வழுக்காது. கைப்பிடியை 760, 900 மில்லிமீட்டர் என்று இரண்டு உயரத்தில் வைத்தோம். கதவு நிலையை அகலப்படுத்தி, கீழே படி இல்லாமல் செய்தோம். இந்த முறை ஒவ்வொரு கட்டத்திலும் அந்தப் பெண் வந்து சக்கரத்தை ஓட்டிப் பார்த்துச் சொன்னார்.

வேலை முடிந்த அன்று யார் கையும் படாமல் அவரே ஏறி முற்றத்துக்கு வந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "மத்தவங்க எல்லாம் முன்வாசல், நான் மட்டும் கொல்லைப்பக்கமா?" என்று கேட்டார். அதில் கோபமில்லை. ஆனால் இந்த மண்ணில் யார் யாரைக் கொல்லைப்பக்கமாக வரச் சொன்னார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை.

சந்து வழியையே எல்லோருக்குமான வழியாக ஆக்கினோம். சீட்டுக் கொடுக்கும் மேசை, செருப்பு ஸ்டாண்ட், தண்ணீர்ப் பானை எல்லாம் அங்கே போயின. பெயர்ப்பலகையும் போனது. கோலம் போடும் அக்காவிடம் கோலத்தையும் அங்கே மாற்றிப் போடலாமா என்று தயங்கித்தான் கேட்டேன். சக்கரம் ஏறுமே என்றேன். "கோலம்னா மிதிபடத்தானே செய்யும்" என்று சொல்லிவிட்டு மாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முதல் நாள் நாற்காலிச் சக்கரம் கோலத்தின் மேல் ஏறி வந்தது. சாய்தளம் முழுக்க இரண்டு வெள்ளைக் கோடுகள் முற்றம் வரைக்கும் வந்து நின்றன. அதை அன்றைக்குப் பெருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் கலை, பண்பாட்டையும் உரிமையாகத்தான் பேசுகிறது. 1995 சட்டத்தில் 7 வகையாக இருந்த குறைபாடுகளை 21 ஆக விரித்ததும் அதுதான். அதைப் படித்த பிறகு சக்கர நாற்காலி மட்டுமே கணக்கில்லை என்று புரிந்தது. பார்வையற்றவர்கள் காலாலும் கோலாலும் உணர்ந்து நடக்கத் தரையில் மஞ்சள் நிறத் தொடுதடம் பதித்தோம். கடைக்காரரிடம் இருந்தது புள்ளி வைத்த கற்கள் மட்டும்தான். வழி முழுக்க அதையே பதித்துவிட்டோம். புள்ளி என்றால் நில், நீளக் கோடு என்றால் நட. பார்வையற்ற இளைஞர் ஒருவர் அடிக்கு அடி நின்று நின்று வந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். அதையும் பெயர்த்து மாற்றினோம்.

கூத்து நடந்த ஒரு சாயங்காலத்தைச் சொல்ல வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் பார்வையை இழந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வந்திருந்தார். ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்பே அவரை வேஷம் கட்டும் அறைக்கு அழைத்துப் போனோம். மூத்த கலைஞர் கிரீடத்தையும் புஜக்கட்டையையும் அவர் மடியில் வைத்தார். வாத்தியார் விரல் நுனியால் விளிம்பில் தொடங்கி மெதுவாக உள்ளே போனார். "மரமா இது? இவ்வளவு லேசா இருக்கே?" என்றார். "கல்யாண முருங்கைங்க ஐயா. கனமா இருந்தா ராத்திரி முழுக்க ஆட முடியாதே" என்றார் கலைஞர். கண்ணாடித் துண்டுகளில் விரல் நின்றது. "இது எதுக்கு?" "பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல சுத்தி ஆடினா பொறி பறக்கற மாதிரி சிதறும்ங்க." வாத்தியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. "பார்த்திருக்கேன், சின்ன வயசுல" என்றார்.

ஆட்டத்தின்போது பக்கத்தில் உட்கார்ந்து காதோரம் வர்ணிக்க ஒரு மாணவியைப் பழக்கியிருந்தோம். நாங்கள் நினைத்த அளவுக்கு அவளுக்கு வேலை இருக்கவில்லை. கூத்தில் திரைக்குப் பின்னால் நின்றே தான் இன்னார் என்று வேஷக்காரர் பாடிவிடுகிறார். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் வேறு கேள்வி கேட்டுக் கேட்டு வாங்குகிறான். நிறத்தையும் அடவையும் மட்டும் அவள் சொன்னால் போதுமாக இருந்தது. காது கேளாத இரண்டு பிள்ளைகளை மிருதங்கத்துக்கு அருகே உட்காரவைத்து, கையில் ஊதின பலூன் கொடுத்திருந்தோம். அடி விழும்போதெல்லாம் பலூன் உள்ளங்கையில் அதிர, ஒருவன் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டான்.

போன மாதம் வங்கிப் பெண் என்னிடம் வந்தார். பறை கற்றுக்கொள்ள வேண்டுமாம். "கத்துக்கிட்டா அரங்கேத்தம் மேல தானேக்கா?" என்று மேடையைக் காட்டினார். 2 அடி உயரம், 3 படி. பார்க்க வருகிறவர்களுக்கு மட்டுமே இத்தனை நாள் வழி செய்துகொண்டிருந்திருக்கிறோம். மேடைக்குச் சாய்தளம் என்றால் 24 அடி, முற்றத்தில் பாதி போய்விடும். நான் டேப்பை வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தபோது கூத்துக் கலைஞர் சொன்னார்: "எதுக்கும்மா மேடை? நாங்க காலங்காலமா தரையிலதானே ஆடறோம்."

அடுத்த திங்கட்கிழமை மேஸ்திரி வருகிறார், மேடையை இடிக்க. அந்தப் பெண்ணும் விடுப்புப் போட்டிருக்கிறார்.