விலை குறைந்த ரோடு சைக்கிளில் எதை மாற்றலாம்?

புதிதாக ரோடு சைக்கிள் வாங்கிய நண்பர்கள் பலரும் முதலில் கியரை மாற்றத் துடிக்கிறார்கள். வேண்டாம். ஷிமானோ நிறுவனத்தின் விலை குறைந்த கியர் தொகுதியான கிளாரிஸ், பின்சக்கரத்தில் 8 கியர், தாராளமாகப் போதும். பணத்தை டயரில் போடுங்கள். ஃபிரேமிலும் பிரேக்கிலும் இடமிருந்தால் 23 மி.மீ. டயரைக் கழற்றிவிட்டு 28 மாட்டி, காற்றைச் சற்றுக் குறையுங்கள்; ஒட்டுப்போட்ட தார்ச்சாலை மணிக்கட்டை முன்போல் உலுக்காது. அடுத்தது பிரேக் கட்டை. மழையில் நிற்காத சைக்கிளுக்கு வேகம் எதற்கு?

செலவே இல்லாதது சீட் உயரம். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பெரும்பாலும் சீட் தாழ்ந்திருப்பதால்தான் முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது. அதற்காகச் சைக்கிளையே விற்றுவிடுகிறார்கள், மனம் பொறுக்கவில்லை! சீட்டை உயர்த்த ஓர் ஆலன் சாவி (அறுகோண முனையுள்ள சாவி) போதும். என்னிடம் இருக்கிறது, சைக்கிளோடு வாருங்கள்.